குதிரைக்கொம்பு: தருமபுரி வட்டாரத்தில் டிரெஸ்ஸாஜ், ஓர் அறிமுக ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஏறத் தெரியாத ஒருவர், ஏறவிடாத ஒரு குதிரையைக் கொண்டு, இந்த மண்ணில் எடுபடாத ஒரு கலையை ஒன்றரை ஆண்டு பயின்றதன் விளைவுகளை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. ஆய்வெல்லை, பென்னாகரம் சாலையை ஒட்டிய ஒரு கேழ்வரகுக் களம். ஆய்வுக்குட்பட்ட உயிர்கள் இரண்டு. ஒருவர் அரசுப் பள்ளித் தமிழாசிரியர், வயது 51. மற்றவர் ராசாத்தி என்னும் பெண்குதிரை. வயது, விற்றவர் வாக்குப்படி 6, பல்லைப் பிடித்துப் பார்த்தவர் வாக்குப்படி 11. பொறுமையும் அன்பும் கொள்ளும் இருந்தால் எக்குதிரைக்கும் எதையும் கற்பிக்கலாம் என்பது கருதுகோள். மூன்றனுள் கொள்ளு மட்டும் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது.

இயல் 1: சொல்லும் பொருளும்

டிரெஸ்ஸாஜ் என்பது பழக்குதல் என்னும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொல். மேலே இருப்பவர் கையையோ காலையோ அசைத்ததாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது. ஆனால் குதிரை நடக்க வேண்டும், ஓட வேண்டும், வட்டமிட வேண்டும், நின்ற இடத்திலேயே கால் மாற்றித் தாளம் போட வேண்டும். எல்லாவற்றையும் அது தானே விரும்பிச் செய்வதுபோல் இருக்க வேண்டும்.

இச்சொல் ஊருக்குள் நுழைந்த அன்றே பொருள் திரிந்தது. வாத்தியார் குதிரைக்கு டிரஸ் தைக்கப்போகிறார் என்று செய்தி பரவி, மறுநாள் காலை தையல்காரர் டேப்போடு வந்து நின்றார். "நாலு காலுக்கும் தனித்தனியா வேணுங்களா சார், இல்ல மேல போர்த்துற மாதிரியா? துணி நீங்க எடுத்துக் குடுத்துருங்க." சொற்பொருள் வேறுபாட்டை விளக்கி அவரை அனுப்ப அரைமணி நேரம் பிடித்தது. போகும்போது, "அப்ப டிரஸ் இல்லாமதான் டிரஸ்ஸாஜுங்களா?" என்று கேட்டார். அவர் வினா இன்றுவரை விடையின்றி நிற்கிறது.

தமிழில் இக்கலைக்குச் சொல் இல்லையோ எனின், அற்றன்று. பழைய உரைகள் குதிரைக்கு ஐந்து கதி, பதினெட்டுச் சாரி என்று கணக்கே சொல்கின்றன. மயூரகதி, வானரகதி என்று மயிலுக்கும் குரங்குக்கும்கூட அதில் இடமுண்டு. ராசாத்தியிடம் ஆய்வாளர் கண்டது ஆறாம் கதி. வீட்டுப் பக்கம் திரும்பியவுடன் தோன்றுவது, எக்கடிவாளத்துக்கும் அடங்காதது. முன்னோர் இதை எப்படி விட்டார்கள் என்பது விளங்கவில்லை. அவர்கள் குதிரைகளுக்கு வீடு இல்லாமலிருந்திருக்கலாம்.

கட்டளை மொழியும் ஒரு சிக்கல். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சந்தையில் சரளமாகப் புழங்கும் மாவட்டம் இது. ஆனைக்கு அர்ரம் என்றால் குதிரைக்கு குர்ரம் என்று அரைகுறைத் தெலுங்கைக் கேலி செய்யும் பழமொழி எங்களைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் பிறந்திருக்க வேண்டும். ஆய்வாளர் செந்தமிழில் 'நில்' என்றார், பேச்சுத் தமிழில் 'நில்லு' என்றார், ஏவல் வினைமுற்றின் எல்லா வடிவங்களையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். ராசாத்தி நிற்கவில்லை. எதிரே வந்த பழைய ஜட்கா வண்டிக்காரர் ஜட்கா பாய் உதட்டைக் குவித்து ஓர் ஒலி எழுப்பினார்; நின்றுவிட்டது. அவ்வொலியை எழுத நெடுங்கணக்கில் எழுத்தில்லை.

இயல் 2: இலக்கியச் சான்றுகள்

தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட தருமபுரிக்குக் குதிரை புதிதன்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் குடிக்கு உரிய மலையின் பெயரே குதிரைமலை. ஆனால் ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. வள்ளல்களை வரிசைப்படுத்தும் புறநானூற்றுப் பாடலில் பெருஞ்சித்திரனார் இம்மலையைச் சுட்டும்போது, யாரும் ஏறி ஓட்டாத குதிரை என்று சொல்விளையாட்டாகக் குறிக்கிறார். குதிரை என்றால் மலையென்று அறிக எனப் புலவர் வைத்த குறிப்பு அது. எனவே இவ்வட்டாரத்தின் முதற்பெருங் குதிரையே சவாரிக்கு உதவாதது, இடத்தைவிட்டு அசையாதது. ராசாத்தி மரபு வழுவவில்லை.

ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற கதை பலரும் அறிந்தது. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசிப் பளபளத்தன. அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. எது போர் கண்ட படை என்று கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆய்வாளரின் புதுச் சேணமும் முழங்கால்வரை நீண்ட காலணியும் தலைக்கவசமும் ஒன்றரை ஆண்டுக்குப் பின்னும் தொண்டைமான் நிலையிலேயே உள்ளன. ஜட்கா பாயின் பழைய வார்களில் தையல் போடாத இடம் இல்லை.

ஆய்வாளருக்குப் பெருநம்பிக்கை அளித்தவர் பொன்முடியார். புறநானூற்றின் குதிரை மறப் பாடல் ஒன்றில் இரண்டு வகைக் குதிரைகளை அவர் அருகருகே நிறுத்துகிறார். ஒன்று, சிற்றூர்த் தலைவனுடையது. உளுந்துச் சக்கையைத் தின்று தளர்ந்து நடப்பது. மற்றவை, பெருவேந்தருடையவை, நெய்ச்சோறு உண்டு, பிடரி ஒழுங்குசெய்யப்பட்டு நிற்பவை. போர் வந்தபோது சக்கை தின்றது பாய்ந்தது, நெய் தின்றவை ஒதுங்கின. ராசாத்தியும் சக்கை தின்பவள், தளர்ந்து நடப்பவள். அந்த ஒருநாள் வரும்போது பாய்வாள் என்று ஆய்வாளர் ஒன்றரை ஆண்டு காத்திருந்தார். அந்நாள் வந்ததும் உண்மை; வந்த விதம் இயல் 7-இல் காண்க.

குதிரை வாங்குவது பற்றித் தமிழுலகம் தரும் எச்சரிக்கைகள் வலுவானவை. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயில் திருப்பணிக்குச் செலவிட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிவந்தார். இரவில் அவை மீண்டும் நரிகளாயின. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்கோ போலோ கணக்கோடு எழுதினார். பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. கவனிக்கத் தெரியாமல் சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போடுகிறார்கள். லாடம் அடிக்கத் தெரிந்தவர் இங்கு வந்துவிடாதபடி விற்பவர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். விற்பனைக்குப் பிந்தைய சேவை என்பது அன்றும் இப்படித்தான்.

ஆய்வாளர் ராசாத்தியை ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கினார். திப்பு சுல்தான் காலந்தொட்டு நடப்பதாகச் சொல்லப்படும் சந்தை அது. கத்தியவாரி, மார்வாரி என்று வடக்கத்திக் குதிரைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. இவ்விரு இனங்களுக்கும் காது நுனி உள்ளே வளைந்து, இரண்டும் ஒன்றையொன்று தொடப் பார்க்கும். ராசாத்திக்கும் அப்படியே, இரண்டு காதும் ஏதோ ரகசியம் பேசுவதுபோல் இருந்தது. முன்னங்கால் இரண்டிலும் குளம்புக்குச் சற்று மேலே வெண்மயிர் வளையம். நான்கு காலும் நெற்றியும் வெளுத்திருந்தால் பஞ்சகல்யாணி. ஐந்துக்கு இரண்டு என்பது நாற்பது விழுக்காடு மங்கலம், தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் என்று ஆய்வாளர் கணக்கிட்டார். ஜி.பி.எஃப். முன்பணம் கைமாறியது. மறுநாள் விடியலில் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தபோது குதிரை குதிரையாகவே இருந்தது. பாண்டியனுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை.

இயல் 3: வரலாற்றுச் சான்றுகள்

1792-இல் இவ்வட்டாரத்தை உள்ளடக்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இங்கு வந்தவர் தாமஸ் மன்றோ. ஏழாண்டுக் காலம் இப்பகுதியில் பணியாற்றினார். தருமபுரியில் குடியிருந்தார், தோட்டமும் வைத்திருந்தார். பின்னர் சென்னை மாகாணத்தின் ஆளுநரானார். இன்று தீவுத்திடல் அருகே குதிரைமேல் வீற்றிருக்கும் அவரது சிலையைச் செய்தவர் பிரான்சிஸ் சான்ட்ரி, நிறுவப்பட்டது 1839-இல். அச்சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை.

ஏன் இல்லை? சிற்பி மறந்துவிட்டார் என்பது பாமரர் கொள்கை. பண்டைய ரோமானியச் சிலைகளைப் பின்பற்றினார் என்பது கலை வரலாற்றார் கொள்கை. மன்றோ அவ்வளவு தேர்ந்த சவாரிக்காரர் என்பது அன்பர் கொள்கை. ஆய்வாளர் நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறார். ஏழாண்டு தருமபுரிச் சீமையில் குதிரையேறிச் சுற்றியவருக்குச் சேணம் வார் அறுவதும் அங்கவடி கழன்று விழுவதும் அன்றாடம். சிற்பி கண்டதைக் கண்டபடி செய்திருக்கிறார். ஆய்வாளரின் இடது அங்கவடி மூன்று முறை கழன்றது இதற்குத் துணைச்சான்று.

இன்னொன்று: ஓசூரை அடுத்த மத்திகிரிப் பண்ணை 1824-இல் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அது கால்நடைப் பண்ணையாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதுவும் அங்கே போய்விட்டது. ஆக, தருமபுரி மாவட்டம் முதலில் அந்தக் குதிரைகளை மாட்டிடம் இழந்தது. பிறகு மாட்டையும் அண்டை மாவட்டத்திடம் இழந்தது. மாவட்ட அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களில் பெரும்பாலான வீரர்கள் வில்லோடும் வாளோடும் தரையில் காலூன்றியே நிற்கிறார்கள். விழுந்தால் அடிபடாத உயரம் அது. முன்னோர் மூடர் அல்லர்.

இயல் 4: அமெச்சூர் இலக்கணம்

டிரெஸ்ஸாஜ் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. நெடுங்காலம் படை அதிகாரிகளுக்கும் கனவான்களுக்கும் மட்டுமே அதில் இடம். கீழ்நிலைப் படையாளுக்கும் பெண்களுக்கும் இல்லை. 1948 லண்டனில் ஸ்வீடன் அணி தங்கம் வென்றது. அவ்வணியின் கெனால் பெர்சன் உண்மையில் சார்ஜென்ட். போட்டிக்காகச் சிலநாள் அதிகாரியாக்கப்பட்டவர் என்று பின்னர் தெரியவந்தது. பதக்கம் பறிபோனது. குதிரைக்கு அவர் தோள்பட்டையில் என்ன குத்தியிருந்தது என்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் அதற்கேற்பக் கால் மாற்றி வைத்திருக்காது. 1952-இல் கதவு திறந்தது. அந்த ஆண்டே டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், போலியோவால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்தவர், குதிரையில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டியவர், வெள்ளி வென்றார். காலால் கட்டளை இடுவதே இக்கலையின் அடிப்படை என்று பாடநூல்கள் எழுதிக்கொண்டிருந்தன. அவர் குதிரை பாடநூல் படிக்கவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023 செப்டம்பர் 26 அன்று அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வர் அணி டிரெஸ்ஸாஜ் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுக்குப் பின் வந்த தங்கம். அனுஷ் 'எட்ரோ' என்னும் குதிரையோடு தனிநபர் வெண்கலமும் பெற்று, அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் சென்றார். அணி தங்கம் வென்ற அன்று மாலை ஆய்வாளர் கைப்பேசியை ராசாத்தியின் கண்ணெதிரே பிடித்து அந்தக் காணொளியைக் காட்டினார். அவள் கைப்பேசியை நக்கினாள். அனுஷ் ஐரோப்பாவில் பல ஆண்டு தங்கிப் பயின்றவர். ஆய்வாளர் தேர்வு விடைத்தாள் திருத்த ஒருமுறை கிருஷ்ணகிரியில் தங்கியிருக்கிறார். அமெச்சூர் என்பது இவ்விடைவெளிக்குப் பெயர்.

இயல் 5: ஆய்வுக்களம்

முறையான அரங்கு 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். சிறிய அரங்கு 40-க்கு 20. கேழ்வரகுக் களத்தையும் அதை ஒட்டிய தரிசையும் சேர்த்து அளந்ததில் சிறியது அமைந்தது. ஒரு மூலையில் புளியமரம் மட்டும் அரங்கிற்குள் வந்துவிட்டது. ஓரங்களில் ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப் என்று எட்டு எழுத்துகளை நட வேண்டும். ஏன் இந்த எழுத்துகள், ஏன் இந்த வரிசை என்பதில் உலகத்தார்க்குள் ஒருமித்த முடிவில்லை. ஜெர்மன் அரண்மனை லாயச் சுவரில் இருந்தவை என்பது ஒரு கதை. அகர வரிசையை வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொடுத்தவருக்கு இது பெரிய மனவேதனை.

எட்டு பெயின்ட் டப்பாக்களில் அட்டையை ஒட்டி எழுத்தை எழுதி வைத்தாயிற்று. கே-யை முதல் வாரத்திலேயே ஆடு தின்றது. அதனிடத்தில் ஒரு பூசணிக்காய் வைக்கப்பட்டது. அது சமையலுக்குப் போனது. பிறகு கே என்பது நினைவில் மட்டும் இருந்தது.

அரங்கின் நட்டநடுவில் எக்ஸ் என்று ஓரிடம் உண்டு. அங்கே டப்பா கிடையாது, எழுத்து கிடையாது, எந்த அடையாளமும் கிடையாது. ஆனால் போட்டி தொடங்கியதும் அங்கேதான் போய் நிற்க வேண்டும், வணங்க வேண்டும். தமிழர்க்கு இது புதிதன்று. தில்லையில் திரையை விலக்கினால் வெறுவெளியைக் காட்டி இதுதான் ரகசியம் என்கிறோம். எக்ஸில் நிற்பது என்றால் நான்கு காலும் நாற்கோணமாக ஊன்றி, எடை நான்கிலும் பகிர்ந்து, அசையாமல் நிற்பது. நடுவர் ஒவ்வோர் அசைவுக்கும் சுழியம் முதல் பத்துவரை மதிப்பெண் இடுவார். பத்து என்றால் மிகச்சிறப்பு, ஆறு என்றால் திருப்தி, சுழியம் என்றால் நிகழவேயில்லை. நடுவராக ஜட்கா பாய் அமர்த்தப்பட்டார். எழுபது கடந்தவர். ரயிலடியில் ஜட்கா ஓட்டிய காலத்தைத் தவிர வேறெதையும் பெரிதாக நினையாதவர். முதல் மாதம் முழுக்க அவர் இட்ட மதிப்பெண் சுழியம்.

இயல் 6: பழமொழிகள், ஒரு செய்முறைச் சோதனை

குதிரை பற்றிய தமிழறிவு பெரும்பாலும் பழமொழிகளில் உறைந்துள்ளது. அவற்றைக் களத்தில் சோதித்ததில் கிடைத்த முடிவுகள் வருமாறு.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்பது முதலாவது. முழுக்க உண்மை. ஆயினும் கடிவாளத்தின் இரும்பில் வெல்லப்பாகைத் தடவினால் இவ்விதி தளர்கிறது. இதைக் கண்டறிந்தபின் ராசாத்தி வாயைத் திறந்தாள், பாகை நக்கினாள், மூடினாள். கடிவாளம் வெளியே இருந்தது.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது அடுத்தது. மிகைக்கூற்று என்று இதுவரை கருதப்பட்டது. ஆய்வாளர் எஃப்-க்கும் ஏ-க்கும் இடையில் விழுந்துகிடந்தபோது, ராசாத்தி ஓடிப்போகாமல் பக்கத்திலேயே நின்று முன்னங்காலால் மண்ணைப் பரபரவென்று வாரினாள். பொறுமை இழந்த குதிரைகள் அவ்வாறு செய்யும் என்கிறார் கால்நடை மருத்துவர். ஆறடி நீளத்துக்குப் பறிக்கும்வரை காத்திராமல் ஆய்வாளர் எழுந்துவிட்டார்.

மூன்றாவது, மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்பது. இது மண்குதிர், அதாவது மணல்திட்டு என்று பாடம் திருத்துவோர் உளர். ஆற்றைப் பற்றி ஆய்வாளருக்குக் கருத்தில்லை. ஆனால் ஊர் எல்லையில் அய்யனார் கோயில் மண்குதிரை நான்கு காலும் நாற்கோணமாக, கழுத்து வளைந்து, எந்த வெயிலிலும் அசையாது நிற்கிறது. நிற்கும் கலையில் பத்துக்குப் பத்து வாங்கத்தக்க குதிரை இம்மாவட்டத்தில் இதுவரை அது ஒன்றே.

விழுந்த விவரங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டின் பழைய பிரதி ஒன்றில் குறிக்கப்பட்டன. மொத்தம் 23. அவற்றுள் இடப்புறம் 21. முன்காலத்தில் வீரர்கள் இடது இடுப்பில் வாள் தொங்கவிட்டதால் குதிரையின் இடப்பக்கமாக ஏறுவது மரபாயிற்று, இறங்குவதும் இடப்பக்கமே. ஆய்வாளர் விழும்போதும் மரபைக் காத்தார் என்று தற்காலிகமாக முடிவு செய்யப்பட்டது. ஆனால் நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் ராசாத்தி இடப்பக்கமாகவே ஒதுங்கிப் புளியமரத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் தொடர்ந்தது. அவளுக்கு நேர்க்கோடு வராது என்று பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதப்பட்டது.

ஒருநாள் ஜட்கா பாய் எதிரே நின்று வெகுநேரம் பார்த்தார். "வாத்தியாரே, எத்தன வருசமா பள்ளிக்கூடப் பைய எடது தோள்ல மாட்றீங்க?"

"இருபத்தாறு வருசம், பாய்."

"அதான். நீங்க நேரா ஒக்காந்ததா நெனைக்கிறீங்க. எடது பக்கம் சாஞ்சிருக்கீங்க. நீங்க சாயற பக்கம் அது போவுது. ஈ ஒக்காந்தாலே தோலு சிலுத்துக்கற ஜீவன் வாத்தியாரே. உங்க எடை அதுக்குத் தெரியாமப் போவுமா?"

இதே முடிவை ஜெர்மன் உளவியலாளர் ஆஸ்கர் புஃபுங்ஸ்ட் 1907-இல் எட்டியிருந்தார். பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கூட்டல் கழித்தல் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லிற்று. அதன் உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் கணித ஆசிரியராக இருந்தவர், ஏமாற்றுக்காரரும் அல்லர். புஃபுங்ஸ்ட் கண்டது இதுதான்: கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் நெருங்கும்போது கேட்பவரின் உடல் அவரறியாமலேயே மயிரிழை தளர்கிறது. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்துகிறது. ஹான்ஸுக்குக் கணக்கு வராது. மனிதரைப் படிக்க வரும். ராசாத்திக்கு நேர்க்கோடு வரும், ஆசிரியருக்குத்தான் வராது. சிவப்பு மைக் குறிப்பு அடிக்கப்பட்டது. ஆய்வாளர் பையை வலத்தோளுக்கு மாற்றினார். இரண்டு மாதத்தில் புளியமரம் தப்பியது. பதினாறாம் மாதம் ஜட்கா பாய் முதன்முறையாக மூன்று மதிப்பெண் இட்டார்.

இயல் 7: பம்பை நிகழ்வு

டிரெஸ்ஸாஜின் சிகரத்தில் பியாஃப் என்றொரு நடை உண்டு. குதிரை முன்னேறாமல், நின்ற இடத்திலேயே இரண்டு தாளக் கதியில் கால்களைக் குறுக்குச் சோடியாக மாற்றி மாற்றித் தூக்கிவைக்க வேண்டும். தேர்ந்த கையில் தேர்ந்த குதிரைக்கே பல ஆண்டு பிடிக்கும். ராசாத்திக்கு அதைக் கற்பிப்பது என்பது குதிரைக்கொம்பு, அதாவது உலகில் இல்லாத பொருளுக்குத் தமிழ் வைத்த பெயர்.

மாசி மாதம். அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளை ஊர்வலம் களத்தை ஒட்டிய பாதையில் வந்தது. ஆய்வாளர் எக்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பம்பை அடி விழுந்ததும் ராசாத்தி நின்றாள். கழுத்து வில்லாக வளைந்தது. பின்னுடல் தாழ்ந்தது. இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஒன்றாக எழுந்தன. பிறகு மற்ற இரண்டு. இடம் பெயரவில்லை. பம்பை வேகமெடுக்க அவளும் எடுத்தாள். ஊர்வலம் நின்றுவிட்டது. அம்மனைப் பார்க்க வந்தவர்கள் குதிரையைப் பார்த்தார்கள். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளி 1572 முதல் கட்டிக்காக்கும் கலை, கேழ்வரகுக் களத்தில், நடக்கவே கற்பித்துக்கொண்டிருந்த மாணவியிடமிருந்து வந்தது. ஆய்வாளரின் பங்களிப்பு, விழாமல் இருந்தது.

பொன்முடியார் சொன்ன நாள் இதுதான் என்று ஆய்வாளருக்கு மார்பு விம்மியது. யாரோ கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார்கள். யாரோ பிடரி வாரில் நூறு ரூபாய்த் தாளைச் செருகினார்கள்.

ஜட்கா பாய் மட்டும் பம்பைக்காரரிடம் போய்க் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகும் அவள் ஆடிக்கொண்டிருந்தாள்.

"எறங்குங்க வாத்தியாரே. காதப் பாருங்க."

எப்போதும் ஒன்றையொன்று தொடப் பார்க்கும் அந்தக் காதுகள் பின்னால் மடிந்து பிடரியோடு ஒட்டியிருந்தன. கழுத்தும் விலாவும் வேர்த்து நனைந்திருந்தன. கண்ணில் வெள்ளை தெரிந்தது. பாய் முன்னங்காலைத் தடவி அந்த வெண்மயிர் வளையத்தைக் காட்டினார்.

"கலியாணத்துக்கு ஆடுற குதிர. நாட்டியக் குதிரன்னு சொல்லுவாங்க. இது பொறப்பு வெள்ளையில்ல. கயிறு அறுத்த எடத்துல மொளச்ச மயிரு. கட்டிப்போட்டு, மேளம் அடிச்சு, சவுக்கால அடிச்சுப் பழக்கியிருக்கான் எவனோ."

பாய்க்கு அது முதல் வாரமே தெரிந்திருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க அத ஆடச் சொல்லலையே. நேரா நடக்கத்தான சொன்னீங்க" என்றார்.

நாற்பது விழுக்காடு மங்கலம் என்று கணக்கிட்ட ஆய்வாளர் நான்தான்.

மேற்கே இப்படி இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில நாளே இருந்தபோது, மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டனின் சார்லட் துஜார்டின், பயிற்சியில் ஒரு குதிரையின் காலில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடித்த காணொளி வெளிவந்தது. போட்டியிலிருந்து விலகினார், ஓராண்டுத் தடை பெற்றார். அந்தியூரோ ஐரோப்பாவோ, தானே விரும்பிச் செய்வதுபோல் தோன்றுவது ஒன்று, விரும்பிச் செய்வது வேறு. நடுவர் மதிப்பெண் தாளில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான். குதிரையின் காதில் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. ஒன்றரை ஆண்டு அந்தக் காதுகளுக்கு இடையில்தான் நான் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இயல் 8: முடிவுகளும் பரிந்துரைகளும்

தமிழகத்தில் டிரெஸ்ஸாஜ் இல்லை என்னும் கொள்கை மறுக்கப்படுகிறது. அது கலியாண வீட்டு வாசலில் மேளத்தோடு நெடுநாளாக நடந்துவருகிறது. ஆசிரியர் மாணவருக்குக் கற்பிக்கிறார் என்னும் கொள்கையும் மறுக்கப்படுகிறது. ராசாத்தி முதுகலை முடித்தவள், நான் அவளைத் திரும்ப ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தேன். அவள் அங்கே உட்கார்ந்ததற்குக் காரணம் என் கற்பிக்கும் திறன் அன்று. அந்த வகுப்பில் மேளம் இல்லை.

பரிந்துரை ஒன்றுதான். பியாஃப் இனித் தேவையில்லை.

ஊர்வலம் போன பத்தாம் நாள் மாலை, சேணத்தைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டேன். மேலே ஏறவும் இல்லை. ஏ-யிலிருந்து நான் நடந்தேன். கயிறு தொங்கலாகக் கையில் இருந்தது. ராசாத்தி என் வலத்தோள் பக்கமாக வந்தாள். கே இருந்த இடத்தைத் தாண்டினோம். நடுவில் எந்த அடையாளமும் இல்லாத அந்த இடத்தில் நான் நின்றேன். எதுவும் சொல்லவில்லை. அவளும் நின்றாள். குனிந்து பார்த்தேன்: நான்கு காலும் நாற்கோணம், அய்யனார் குதிரை மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன்: இரண்டு காதும் நுனியில் தொட்டுக்கொண்டு ரகசியம் பேசின.

புளியமரத்தடியில் பாய் பீடியை அணைத்தார்.

"எத்தன பாய்?"

அவர் அவசரப்படவில்லை. குதிரையை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஆறு," என்றார். "கொறஞ்ச நாலும் உங்களுக்கு. தோளு இன்னும் சாயுது."